தேயிலை அடுப்பில் காய்ந்த மேக்னெட்டோ

ஸ்டார்ட் ஆகாத லாரியைச் சுற்றி எப்போதும் ஆறு பேர் நிற்பார்கள். ஐந்து பேருக்குக் காரணம் தெரிந்திருக்கும். பெட்ரோல் வரவில்லை என்பான் ஒருவன். பிளக்கில் கரி என்பான் இன்னொருவன். பனி என்பான் அடுத்தவன். ஆறாவது ஆள் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டான். தம்பிமாரே, நீங்கள் முதலில் அந்த ஆறாவது ஆளைப் பாருங்கள். லாரியை அப்புறம் பார்க்கலாம்.

இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானே அந்த ஆறாவது ஆளாக நின்றிருக்கிறேன்.

பதுளை லாரிக் கொட்டகையில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் போன மாதம் என்னைத் தேடி வந்து, பழைய லாரிகளில் கோளாறு கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டீர்கள். நான் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு ஆள் முகம் பார்த்துப் பேச வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். எழுத்து மெதுவாக வரும், ஆனால் வரும். அதனால் எழுதித் தருகிறேன். வலது மணிக்கட்டு உடைந்து சரியாகச் சேராததால் எழுத்து கோணலாக இருக்கும்.

மணிக்கட்டு கதை சின்னது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இஞ்சினைக் கையால் சுற்றி எழுப்புகிற ஹாண்டிலைப் போடுவதற்கு முன்னால் ஸ்பார்க் லீவரைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். எத்தனையோ பேருக்கு அதைச் சொன்னவன் நான். ஒரு நாள் அவசரத்தில் தள்ளாமலே ஹாண்டிலைப் பிடித்தேன். அதுவும் கட்டைவிரலை ஹாண்டிலில் சுற்றிப் பிடித்தேன். இஞ்சின் திருப்பி அடித்தது. அதோடு என் வேலை முடிந்தது. எனக்கு இன்னும் ஐம்பது வயது ஆகவில்லை. அந்தத் தவறு என் கையோடு போயிற்று, அதில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. இனி எழுதப்போவது வேறு ஒருவன் தலையில் போய் விழுந்த தவறு.

தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஸ்டோரில் நான் மெஷின் பழுதுபார்க்கிற பிட்டராக இருந்தேன். ஸ்டோர் என்றால் கொழுந்தை அரைத்துக் காயவைத்துப் பெட்டியில் அடைக்கிற இடம். ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்த கையோடு, தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை கொழும்பிலிருந்து ஒரு பழைய லாரியை வாங்கினார். அதுவரை தேயிலைப் பெட்டிகளை மாட்டு வண்டியில்தான் பண்டாரவளைக்கு ஏற்றினோம். அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றது.

அந்த லாரிக்குக் கட்டை ரப்பர் சக்கரம், கான்வாஸ் கூரை, கார்பைட் விளக்கு. இப்போது நீங்கள் பார்க்கிற பேட்டரி, டைனமோ, செல்ப் ஒன்றும் கிடையாது. மின்சாரம் என்று அதில் இருந்தது மேக்னெட்டோ ஒன்றில்தான். இஞ்சின் பக்கத்தில் பால்டின்னைவிடக் கொஞ்சம் பெரிதாக உட்கார்ந்திருக்கும். உள்ளே காந்தம், அதற்கு நடுவே மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய சுருள். சுருள் சுழன்றால் பிளக்கில் பொறி. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே அரக்குப் பூசியிருப்பார்கள். மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிடாமல் தடுப்பது அந்த அரக்குதான். இவ்வளவு தெரிந்தால் மிச்சம் புரியும். அரக்கு விஷயம் மட்டும் எனக்கு அப்போது தெரியாது.

லாரியை ஓட்டியவன் வேலாயுதம். அதே தோட்டத்து ஆள். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில், என் காம்பரா அறைக்கு மூன்று காம்பரா தள்ளி இருந்தான். மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவனைத் துரை கொழும்புக்கு அனுப்பி லாரி பழக வைத்தார். அவன் பெண்சாதி செல்லம்மா கொழுந்தெடுப்பவள். இரண்டு பெண் பிள்ளைகள். மாட்டை மாற்றினானே தவிர அவன் பேச்சு மாறவில்லை. லாரிக்கு ‘செவலை’ என்று பேர் வைத்திருந்தான். ஏற்றத்தில் அது முக்கும்போது, “ஏய் செவல, மேலே புண்ணாக்கு வச்சிருக்கு, வாடா” என்பான்.

என்னையும் விடமாட்டான். “பிட்டரே, நீ பேசாம மிச்சம் புடிச்ச வார்த்தையெல்லாம் என்னா செய்யப் போற? மகளுக்குச் சீதனமா குடுக்கப் போறியா?”

நான் சிரிப்பேன். அவன் பதில் எதிர்பார்க்கமாட்டான்.

ஐப்பசி மழை தொடங்கியதும் வம்பு ஆரம்பித்தது. காலையில் எல்லா இரும்பும் வியர்த்துப்போய் நிற்கும். லாரி எழும்பாது. பிளக்குகளைக் கழற்றி நெருப்பில் சுட்டு மாட்டுவோம். இஞ்சினுக்கு வெந்நீர் ஊற்றுவோம். பத்துப் பேர் சரிவில் தள்ளிவிடுவார்கள், அடிவாரம் வரை போய் அங்கே நிற்கும். அப்புறம் மாட்டைக் கட்டி மேலே இழுத்து வர வேண்டும். மாடுகள் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகின்றன என்று வேலாயுதம் சொல்வான்.

இரண்டு தடவை பெட்டிகள் போய்ச் சேருமுன் ரயில் தப்பியது. பெட்டிகள் ஒரு நாள் பண்டாரவளையில் கிடந்தால், கொழும்பில் ஒரு கப்பல் போய்விடும். இரண்டாம் தடவை பெரட்டுக் களத்தில், எல்லா ஆட்களும் வேலைக்குப் பிரிய நிற்கும்போது, துரை வேலாயுதத்தைக் கூப்பிட்டார்.

“இன்னொரு தரம் ரயில் தப்பினா உனக்கு பத்துச்சீட்டு. விளங்குதா?”

“விளங்குதுங்க துரை.”

பத்துச்சீட்டு என்றால் என்னவென்று இப்போது தோட்டத்துக்கு வெளியே வளர்ந்த பிள்ளைகளுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆளை விலக்கிக் கொடுக்கிற காகிதம் அது. ஒருவனுக்குக் கொடுத்தால் அவன் பெண்சாதி பேரும் செக்ரோல் என்கிற ஆள் பேர்ப் பதிவில் வெட்டுப்படும். காம்பராவைக் காலி செய்ய வேண்டும். விலக்கிய காரணம் அதில் இருக்கும். அடுத்த தோட்டத்துத் துரை அதைப் படித்துப் பார்த்துத்தான் சேர்ப்பதா இல்லையா என்று சொல்வார்.

அன்று முழுக்க நான் யோசித்தேன். ஈரம் மேக்னெட்டோவில்தான் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். துணியால் துடைத்தால் வெளியே காயும், உள்ளே காயாது. ஸ்டோரில் நான் தினமும் பார்ப்பது என்ன? ஈரக் கொழுந்து அடுப்புக்குள் ஒரு பக்கம் போகிறது, மொறுமொறுவென்று காய்ந்து மறுபக்கம் வருகிறது. ஊர் முழுக்க ஈரமாக இருந்தாலும் அந்த அடுப்பின் தலைப்பகுதி எப்போதும் காய்ந்து வெதுவெதுப்பாக இருக்கும்.

மறுநாள் காலை மேக்னெட்டோவைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, அடுப்புக்கு மேல் மூடியில் அரை மணி நேரம் வைத்தேன். திரும்பப் பூட்டியதும் ஒரே சுற்றில் லாரி எழும்பியது.

டீமேக்கர் ஐயா ஸ்டோருக்குப் பெரியவர், லேசில் யாரையும் மெச்சமாட்டார். அவர் வாசலுக்கு வந்து நின்றார். “இந்தப் பய கொழுந்தையும் காயவைக்கிறான், இரும்பையும் காயவைக்கிறான்” என்றார். துரை காதுக்கும் போயிற்று. துரை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வாழ்க்கையில் என்னை நாலு பேர் முன்னால் யாரும் மெச்சியதில்லை. காது இரண்டும் சுட்டது. நான் உள்ளே போய்விட்டேன்.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மழைக் காலையில் வேலாயுதம் மேக்னெட்டோவைப் பிள்ளை மாதிரி சாக்கில் சுற்றித் தூக்கி வருவான். “மருமகனுக்குக் குளிராம், கொஞ்சம் சூடு காட்டு” என்பான். மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை. ராத்திரி பெய்த மழையில் லாரி நிற்கிற கொட்டகையின் கூரை ஒழுகி, மேக்னெட்டோவில் தண்ணீரே நின்றது. அன்றைக்குப் பெட்டிகள் அதிகம். வேலாயுதம் ஓடி வந்தான்.

“பிட்டரே, ரயிலுக்கு நேரம் இல்ல. அரை மணியெல்லாம் முடியாது. சுருக்காக் காயவை.”

மேல் மூடியில் வைத்தால் இவ்வளவு தண்ணீருக்கு ஒரு மணி நேரம் ஆகும். நான் அடுப்பின் கதவைத் திறந்து, தேயிலைத் தட்டை இழுத்து, தேயிலையை ஒதுக்கிவிட்டு மேக்னெட்டோவை உள்ளே வைத்தேன். வேலாயுதம் பெட்டி ஏற்றப் போய்விட்டான். டீமேக்கர் ஐயா அரைக்கிற பக்கம் இருந்தார். பத்து நிமிஷம் கழித்துத் திறந்தபோது தபால் பைக்கு முத்திரை வைக்கிற மாதிரி ஒரு வாசம் வந்தது. தட்டில் பழுப்பாக இரண்டு சொட்டு உறைந்து கிடந்தது. நான் அதைச் சுரண்டி எடுத்தேன். கழிவு நூலால் தட்டைத் துடைத்தேன். அந்த இடத்துத் தேயிலையை அள்ளி வெளியே கொட்டினேன்.

ஏன் துடைத்தேன் என்று இன்றுவரை என்னைக் கேட்டுக்கொள்கிறேன். அது என்னவென்று எனக்குத் தெரியாது என்று மேலே எழுதினேன், அது உண்மை. ஆனால் தெரியாத ஒன்றை மனுஷன் எடுத்துப் பார்ப்பான், நாலு பேரிடம் காட்டுவான். நான் துடைத்தேன். என் கைக்குத் தெரிந்திருக்கிறது.

பூட்டினேன். இரண்டாம் சுற்றில் லாரி எழும்பியது. வேலாயுதம் கையைக் காட்டிவிட்டுப் போனான்.

சாயந்தரம் திரும்பியபோது அவன் என்னைச் சீண்டவில்லை, நடந்ததை மட்டும் சொன்னான். நான் அவனை அப்படிப் பார்த்ததே இல்லை. எல்ல என்கிற ஊர்ப் பக்கம் ஏற்றத்தில் பாதியில் இஞ்சின் செத்துவிட்டதாம். எத்தனை ஹாண்டில் போட்டும் அசையவில்லை. முக்கால் மணி கழித்து, தானாக, ஒரே சுற்றில் எழும்பியதாம். பண்டாரவளைக்குப் போனபோது ரயிலின் புகைதான் இருந்தது.

அவன் நின்ற இடம் எது தெரியுமா? ரோட்டோரம் சாராயக்கடை இருக்கிற வளைவு. ஏற்றம் அங்கேதான் கடுமை, இஞ்சின் அங்கேதான் சூடேறும். ஆனால் பார்க்கிறவனுக்கு இஞ்சின் தெரியாது, கடைதான் தெரியும். அன்று சாயந்தரமே யாரோ துரையிடம் சொல்லிவிட்டார்கள்.

துரை கொட்டகைக்கு வந்தார். “ஸ்டார்ட் பண்ணு” என்றார். நான் ஹாண்டில் போட்டேன். குளிர்ந்து கிடந்த இஞ்சின் ஒரே சுற்றில் எழும்பியது. துரை வேலாயுதத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“லாரிக்கு கோளாறு இருக்கா?”

“இப்ப இல்லைங்க துரை.”

‘இப்ப’ என்ற வார்த்தையை நான் எவ்வளவு மெதுவாகச் சொன்னேன் என்றால், அது எனக்கே கேட்கவில்லை. சனிக்கிழமையும் பெட்டி போக வேண்டியிருந்தது. சனிக்கிழமைக்குப் பிறகு தீர்மானிப்பதாகச் சொல்லிவிட்டுத் துரை போனார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சூட்டில் நிற்கிற லாரியைக் குளிரில் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது சோதனையே இல்லை. ஏற்றத்தில் நிற்கிறது என்று ஒருவன் சொன்னால், பெட்டியை ஏற்றிக்கொண்டு அதே ஏற்றத்தில் போய்ப் பாருங்கள். ஈரத்தில் நிற்கிறது என்றால் ஈரத்தில் பாருங்கள். உங்கள் முன்னால் நன்றாக எழும்புகிறது என்பதால் டிரைவர் பொய் சொல்கிறான் என்று ஆகாது. கொட்டகையில் இருக்கிற நமக்கு நிழல் உண்டு, தேத்தண்ணி உண்டு. ரோட்டில் நிற்கிறவனுக்கு அவன் வாய் மட்டும்தான் சாட்சி.

இதை நான் அன்றைக்கும் அறிந்துதான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய வேலாயுதம் என் காம்பரா வாசலில் வந்து உட்கார்ந்தான்.

“நாளைக்கு என்கூட வா பிட்டரே. நீ ஒரு தரம் கண்ணால பாத்துடு. நான் சொன்னா சாராயம் பேசுதும்பாங்க. நீ சொன்னா இரும்பே பேசுன மாதிரி.”

“வாரேன்” என்றேன்.

“துரைகிட்ட நீ சொல்லணும். நான் நிக்கிற எடத்துலயே சொல்லணும்.”

“சொல்றேன்.”

செல்லம்மா அவர்கள் வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். அதே ஏற்றத்தில், கடைக்குக் கொஞ்சம் கீழே, இஞ்சின் இருமியது. செத்தது. நான் இறங்கி ஒரு பிளக்கு வயரைக் கழற்றி, நுனியை இஞ்சின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஹாண்டில் போடச் சொன்னேன். பொறி இல்லை. மேக்னெட்டோவைத் தொட்டேன், கை பொசுங்கியது. அரை மணி கழித்து, அது ஆறிய பிறகு, மறுபடி பிடித்தேன். நீலமாகப் பொறி பாய்ந்தது.

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தட்டில் சொட்டியது சுருளுக்குள் இருந்த அரக்கு. அது போன இடத்தில் கம்பியும் கம்பியும் நெருங்கி நிற்கின்றன. குளிரில் எப்படியோ தாக்குப்பிடிக்கின்றன. சூடேறியதும் ஒன்றோடொன்று ஒட்டி, பொறிக்கு வர வேண்டிய மின்சாரம் உள்ளேயே தீர்ந்துபோகிறது.

“என்னா தெரியுது?” என்றான் வேலாயுதம்.

“மேக்னெட்டோதான்.”

“அப்பாடா” என்று ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தான். “எதுனால?”

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். ரோட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒருவரும் இல்லை. என்னைத் திட்டியிருப்பான், ரெண்டு நாள் பேசாமல் இருந்திருப்பான், அவ்வளவுதான்.

“பழசு” என்றேன்.

திங்கட்கிழமை காலை பெரட்டில் துரை எங்களைக் கூப்பிட்டார். முந்நூறு பேர் நின்றார்கள். பனியில் பின்வரிசை முகங்கள் தெரியவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ‘துரை, சூடேறினால் மேக்னெட்டோ நிற்கிறது. நான் அதை அடுப்புக்குள் வைத்ததால் அரக்கு உருகிவிட்டது. டிரைவர் மேல் குற்றமில்லை.’ மூன்றே வாக்கியம்.

துரை கேட்டார். “நீதானே கூடப் போனது? லாரி நின்னுச்சா?”

“நின்னுச்சுங்க துரை.”

“எதுக்கு?”

டீமேக்கர் ஐயா துரைக்குப் பின்னால் நின்றிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். தேயிலைக்கு நடுவே எண்ணெய் இரும்பை வைத்தேன் என்று சொன்னால், அந்த வாரத்துத் தேயிலையெல்லாம் கெட்ட வாசம் என்று ஆகும். முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். இப்படியெல்லாம் யோசித்ததாக எழுதுவது எனக்கே சாதகமாக இருக்கிறது. உண்மையில் முந்நூறு பேர் என்னைப் பார்த்தார்கள், என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது.

“எதுக்கு நின்னுச்சு? மேக்னெட்டோங்கிறான் இவன், அது கெட்டதா, நல்லதா? சொல்லு.”

“இப்ப... ஸ்டார்ட் ஆகுதுங்க.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். துரை வேலாயுதம் பக்கம் திரும்பினார். வேலாயுதம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இப்போது பேசுவான், இப்போது பேசுவான் என்று என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தான். துரை மறுபடி என் பக்கம் ஓர் அடி வைத்தார். அப்போது வேலாயுதம்தான் பேசினான்.

“அவருக்கு ஆள் முன்னால பேச வராதுங்க துரை. பாவம், விட்டுருங்க.”

அன்றைக்கே பத்துச்சீட்டு எழுதினார்கள். காரணம், குடியும் வேலையில் கவனமின்மையும். இரண்டு நாளில் காம்பரா காலியானது. பெரிய சாமான்களைத் தூக்க நான் போனேன். செல்லம்மா அம்மிக்கல்லை எடுக்க விடவில்லை. “அது கெடக்கட்டும் அண்ணே. எங்க போறோம்னே தெரியாம அத எங்க தூக்குறது” என்றாள். அவள் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தாள்.

அவர்கள் போன பிறகு டீமேக்கர் ஐயாவிடம் தனியே போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவர் முன்னால் என்றால் எனக்குப் பேச வந்தது. அவர் அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அடுப்புக்குள்ளயா வச்ச?”

“ஆமாங்க.”

“இத இன்னொரு வாயில சொல்லாத. துரை எழுதுனத அழிக்கமாட்டார். அவன் திரும்பி வரப்போறதில்ல. நீயும் நானும் பின்னாலயே போவோம், அவ்வளவுதான். மொதல்ல அந்தச் சாமானை மாத்து.”

மாற்றினேன். பதுளைக் கடைவீதியில் பழைய இரும்புச் சாமான் விற்கிற முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார். ஓடாமல் போன ஒரு லாரியின் மேக்னெட்டோ அவரிடம் கிடந்தது. என்னுடையதைக் கையில் வாங்கி, மூடியைத் திறந்து, மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

“தம்பி, இது தானா கெட்டதில்லையே. யாரோ சுட்டிருக்காங்க.”

“நான்தான் சுட்டேன் நானா.”

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? அவருக்கு நான் யாரென்று தெரியாது, வேலாயுதம் யாரென்று தெரியாது. அவர் சிரித்துவிட்டு இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார்.

நல்ல மேக்னெட்டோவைப் பூட்டினேன். கொட்டகைக் கூரையை அடைத்தேன். புது டிரைவர் வந்தான், நல்ல பையன், கையும் சுத்தம். அந்த மழைக்காலம் முடியும் வரை லாரி ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஒரு ரயிலும் தப்பவில்லை. இதைத்தான் நான் யோசிக்காமல் விட்டேன். லாரி ஓட ஓட, வேலாயுதம் குடிகாரன் என்பது உறுதியாகிக்கொண்டே போனது. அதுவரை “பாவம், பிள்ளைக்காரன்” என்று சொன்ன லயத்து ஆட்களும், “அவன் போன நாள்லேருந்து லாரி நிக்குதா பாரு” என்று பேச ஆரம்பித்தார்கள். என் கையால் நான் செய்த நல்ல வேலை, அவனுக்கு எதிராகத் தினமும் சாட்சி சொல்லிக்கொண்டு பண்டாரவளைக்கு ஏறி இறங்கியது.

மூன்று தோட்டத்தில் கேட்டும் அவனைச் சேர்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன். பிறகு ரயில்பாதை பதுளைக்கு நீளுகிற வேலை தொடங்கியிருந்ததால், தெமோதரைப் பக்கம் கல் உடைக்கிறான் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து போனேன். மண்மேட்டுக்குக் கீழே தகரமும் சாக்கும் வைத்துக் கட்டிய குடிசைகள். வேலாயுதம் அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கோடாலியை வைத்துவிட்டு, “வா பிட்டரே. செவல எப்படியிருக்கு?” என்றான்.

நான் நின்றபடியே சொன்னேன். மூன்று வாக்கியத்துக்கு மேலேயே வந்தது. அடுப்புக்குள் வைத்தது, அரக்கு உருகியது, தட்டைத் துடைத்தது. எல்லாம் வந்தது. வேலாயுதம் தலையைக் குனிந்து கையிலிருந்த காய்ப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செல்லம்மாதான் பேசினாள். குரல் உயரவில்லை.

“இத எங்ககிட்ட எதுக்கு அண்ணே சொல்றீங்க? இவரு குடிக்கலன்னு எங்களுக்குத்தான் தெரியுமே. துரைகிட்டப் போய்ச் சொல்லுங்க. அவருதானே எழுதுனாரு.”

“சொல்றேன்” என்றேன்.

வேலாயுதம் அப்போதும் நிமிரவில்லை. “நேரத்தோட போ. மழை வரும்” என்றான்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் லயத்துக்குப் போகாமல் நேரே பங்களாவுக்கு நடந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இந்தத் தடவை முந்நூறு பேர் இல்லை, ஒருவர்தான். டீமேக்கரிடம் வந்தது, நானாவிடம் வந்தது, வேலாயுதத்திடமும் வந்துவிட்டது. இங்கேயும் வரும் என்று நம்பினேன். நாய்கள் குரைத்தன. சமையல் அப்பு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனான். துரை வராந்தாவுக்கு வந்தார். கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பங்களாவுக்கு யாரும் வரமாட்டார்கள், அதனால் கொஞ்சம் பயந்த மாதிரிதான் பார்த்தார்.

“என்னா? லாரிக்கு என்னாச்சு?”

“ஒண்ணும் இல்லைங்க துரை.”

“நல்லா ஓடுதா?”

“ஓடுதுங்க துரை.”

“குட்” என்றார். நான் இன்னும் நிற்பதைப் பார்த்து, வேறு என்ன என்று கேட்டார்.

அடுத்த வாரத்துக்குப் பெட்ரோல் வாங்கத் துண்டுச் சீட்டு வேண்டும் என்று சொன்னேன். உள்ளே போய் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டு இறங்கி வந்தேன்.